ஹார்ட் டிஸ்க் சத்தம் போடத் தொடங்கினால்: பழைய கணினியில் முதலில் செய்ய வேண்டியதும் பிறகு மாற்ற வேண்டியதும்

பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்கூடம் நடத்தும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் 2012-ல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. நூல் வரவு, துணி விற்பனை, கூலிக் கணக்கு எல்லாம் அதில் டாலி என்ற கணக்கு மென்பொருளில்தான் உள்ளன. சில வாரங்களாக அது இயங்கத் தொடங்கவே பத்து நிமிடம் ஆகிறது, இடையிடையே 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறது, சில கோப்புகள் திறப்பதில்லை. கடையில் ஃபார்மட் செய்தால், அதாவது டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். உறவினர் ஒருவர் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. போடச் சொல்கிறார். மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியும் மெதுவாக இருக்கிறது, அதற்கும் எஸ்.எஸ்.டி. பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறார்.

கடைக்காரரும் உறவினரும் சொன்ன இரண்டையும் ஒத்திவையுங்கள். அந்தக் கணினியை முறைப்படி நிறுத்தி, மின்னிணைப்பையும் எடுத்துவிடுங்கள். கணக்குகள் வேறு இடத்தில் பத்திரமாகப் பதிவாகும்வரை அதை ஃபார்மட் செய்யக் கூடாது. டிஸ்க்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் செக் டிஸ்க் ஓட்டக் கூடாது. சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக், வைரஸ் ஸ்கேன் எதுவும் கூடாது. டிஸ்க்கை எந்தக் கடையிலும் வாங்கலாம், உங்கள் கணக்கை எங்கும் வாங்க முடியாது. ஆகவே முதலில் தகவலைப் படியெடுப்பது, அடுத்து பழுதை உறுதிசெய்வது, கடைசியாகப் புதியதை மாட்டுவது என்ற வரிசை மாறக் கூடாது. நான் ஈரோட்டில் பழைய கணினிகளைப் பழுதுபார்ப்பவன். மீட்டிருக்கக்கூடிய கணக்குகள் அழிந்துபோனதாக என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை டிஸ்க்கின் பழுதால் அழிந்தவை அல்ல; பழுது தெரிந்த பிறகு அதைச் சரிசெய்வதற்காக எடுத்த முயற்சிகளால் அழிந்தவை.

காரணம் டிஸ்க் இயங்கும் முறையில் இருக்கிறது. மேசைக் கணினி ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி தகவலைப் படிக்கிறது. தட்டின் ஓரிடம் கெட்டுவிட்டால் டிஸ்க் உடனே கைவிட்டுவிடுவதில்லை, அதே இடத்தைப் பல விநாடிகள் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. உங்கள் கணினி தொடங்கப் பத்து நிமிடம் எடுப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். முனை ஏற்கனவே சேதமடைந்திருந்தாலோ, தட்டின் மேற்பூச்சு பெயர்ந்து துகள் பறந்துகொண்டிருந்தாலோ, ஒவ்வொரு கூடுதல் முயற்சியும் சேதத்தைப் பெரிதாக்கும். இந்த நிலையில் செக் டிஸ்க்கை முழுச் சோதனையாக ஓட்டினால் அது டிஸ்க்கின் எல்லா இடத்தையும் படிக்கச் சொல்கிறது. அத்துடன், படிக்க முடியாத இடங்களைச் சுற்றியுள்ள கோப்பு அட்டவணையையும் திருத்தி எழுதிவிடுகிறது. நல்ல டிஸ்க்கில் கோப்பு அமைப்பு மட்டும் குழம்பியிருக்கும்போது அது பயன்படும், சாகும் டிஸ்க்கில் அது கேடு. ஃபார்மட் அதைவிட மோசமானது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து 'முழு ஃபார்மட்' என்பது டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுவதாக மாறிவிட்டது, அதற்குப் பிறகு மீட்க எதுவும் மிஞ்சாது.

இனி அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து என்ன செய்வது என்பதை அதுவே தீர்மானிக்கும். கணினியைத் தொடங்கியதும் சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டே இருந்து, விண்டோஸுக்கு முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் டிஸ்க்கின் பெயரே வராவிட்டால், பெரும்பாலும் முனையோ அதைத் தாங்கும் கையோ பழுதாகியிருக்கிறது. அதை வீட்டிலோ சாதாரணக் கடையிலோ எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. தூசியற்ற அறை வைத்திருக்கும் தகவல் மீட்பு நிறுவனங்கள் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் உள்ளன. அவர்களிடம் அனுப்புவதற்கு முன், டிஸ்க்கை எங்கே திறப்பார்கள், மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா, மீண்ட கோப்புகளின் பட்டியலைப் பார்த்த பிறகு பணம் செலுத்தலாமா என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு இடையில் யாரையும் டிஸ்க்கின் மூடியைத் திறக்க விடாதீர்கள். தறிக்கூடம் இருக்கும் தெருவில் காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசியில் ஓர் இழை முனைக்கு அடியில் சிக்கினாலே தட்டு கீறப்பட்டுவிடும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். வெளியே எடுத்ததும் தட்டின்மேல் ஈரம் படியும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. அதே மாதிரி டிஸ்க்கின் சர்க்யூட் பலகையைக் கழற்றிவிட்டு வேறொரு டிஸ்க்கின் பலகையை மாட்டினால் போதும் என்பதும் பழைய காலத்து வழி. இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பலகையிலுள்ள ஒரு சிப்பில் எழுதப்பட்டிருக்கும், ஆகவே அந்தச் சிப்பையும் மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் விண்டோஸ் எப்படியோ தொடங்குகிறது, சத்தமும் இடையிடையேதான் வருகிறது. அப்படியானால் நீங்களோ, பொறுமையுள்ள ஒரு பழுதுபார்ப்பவரோ படியெடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்கு விண்டோஸைத் தொடங்கக் கூடாது, ஏனென்றால் விண்டோஸ் தொடங்கினாலே அதே டிஸ்க்கில் ஆயிரக்கணக்கான சிறு பதிவுகளை எழுதத் தொடங்கிவிடும். டிஸ்க்கைக் கழற்றி நல்ல நிலையிலுள்ள வேறொரு மேசைக் கணினியின் சாட்டா கேபிளில் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் கேபிள்) நேரடியாக மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக இயங்கக்கூடிய லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவிலிருந்து தொடங்குவதே நல்ல வழி. யு.எஸ்.பி. மாற்றியில் மாட்டியும் செய்யலாம். ஆனால் டிஸ்க் இடையில் திணறும்போது மலிவான மாற்றிகள் இணைப்பையே துண்டித்துவிடும். மேலும் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனி மின்சாரம் தேவை, யு.எஸ்.பி. கேபிளிலிருந்து வரும் 5 வோல்ட் போதாது. டிஸ்க்கின்மேல் ஒரு மின்விசிறியின் காற்று படும்படி வையுங்கள்.

எதை முதலில் எடுப்பது என்பதை டிஸ்க்கை மாட்டுவதற்கு முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முதலிடம் டாலியின் டேட்டா கோப்புறைக்குத்தான். அதனுள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஐந்து அல்லது ஆறு இலக்க எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு கோப்புறை இருக்கும்; அந்த எண் கோப்புறையை முழுதாக எடுக்க வேண்டும், உள்ளிருந்து சிலவற்றை மட்டும் எடுத்துப் பயனில்லை. பழைய டாலி பதிப்புகளில் இது நிரல் நிறுவிய இடத்திலேயே இருக்கும். பிந்தைய பதிப்புகளில் விண்டோஸின் பொதுப் பயனர் கோப்புறைக்குள் இருக்கும். இரண்டு இடங்களிலும் தேடுங்கள், ஏனென்றால் நடுவில் பதிப்பு மாறியிருந்தால் பழைய ஆண்டுகளின் கணக்கு ஓரிடத்திலும் புதியவை மற்றோரிடத்திலும் இருக்கக்கூடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஓர் ஆண்டுக்குரிய கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஆகவே நடப்பு ஆண்டை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியடைய முடியாது.

இரண்டாவதாக டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றை எடுங்கள். நம் ஊர்க் கணினிகளில் முக்கியமான கோப்புகளில் பாதி டெஸ்க்டாப்பில்தான் கிடக்கின்றன, அவசரத்தில் அதைத்தான் மறப்பார்கள். பழைய கடிதங்களும் விலைப்பட்டியல்களும் பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் கோப்பு மீண்டாலும் அதில் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். படங்கள், வீடியோக்கள் இவற்றுக்குப் பின்னால் வரட்டும். விண்டோஸும் மற்ற நிரல்களும் தேவையே இல்லை, அவற்றைப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம்.

இந்த முதல் பட்டியல் சில ஜிபி அளவுக்குள் இருந்து, டிஸ்க்கும் ஓரளவு பதில் சொல்லிக்கொண்டிருந்தால், அவற்றை நேரடியாகவே படியெடுத்துவிடலாம். டிஸ்க் முழுவதையும் முதலில் படிமமாக, அதாவது அச்சு அசலான ஒரே நகலாக எடுக்க வேண்டும் என்பதே பாடநூல் முறை, ஆனால் இரண்டு ஜிபி கணக்குக்காக 500 ஜிபியைப் படிக்கவைத்து அதற்குள் டிஸ்க் செத்துவிடும் ஆபத்தை நான் எடுக்கமாட்டேன். நேரடிப் படியெடுப்பு திணறத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலுக்கு மாறுங்கள். அது எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை முதல் சுற்றில் விரைவாக எடுத்துவிட்டு, சிக்கலான இடங்களைத் தாண்டிச் சென்று, பிறகே அவற்றுக்குத் திரும்புகிறது. எது படிக்கப்பட்டது, எது மிச்சம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால் இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். படிமத்தை வைக்கப் பழுதான டிஸ்க்குக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய இடம் வேண்டும். மூலம் எது, சேருமிடம் எது என்பதை டிஸ்க்கின் தொடர் எண்ணை வைத்து இருமுறை சரிபார்த்த பிறகே கட்டளையைக் கொடுங்கள், ஏனென்றால் இரண்டும் இடம் மாறினால் வெற்று டிஸ்க்கின் படிமம் உங்கள் கணக்கின்மேல் எழுதப்பட்டுவிடும். கோப்பு அமைப்பு சிதைந்திருந்தால் டெஸ்ட் டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு நிரல்களைப் படிமத்தின்மேல் ஓட்டுங்கள், மூல டிஸ்க்கை இனித் தொட வேண்டாம்.

எடுத்ததை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். கோப்பின் பெயரும் அளவும் சரியாக இருப்பது போதாது, டாலியில் அந்த நிறுவனத்தைத் திறந்து, பழைய ஆண்டொன்றின் இருப்புநிலைக் குறிப்பு வருகிறதா என்று பார்த்த பிறகே படியெடுப்பு முடிந்ததாகக் கொள்ளலாம்.

இவ்வளவும் ஆன பிறகுதான் நோயறிதல். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்துவைத்திருக்கும் ஸ்மார்ட் அளவீடுகளைக் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியவை 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிசைகள். 05 என்பது ஏற்கனவே கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட டிஸ்க் பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. சி6 என்பது சோதனையிலும் திருத்த முடியாதவை. இவற்றின் கடைசிப் பத்தியில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்து, அது நாளுக்கு நாள் கூடினால் அந்த டிஸ்க்கை இனி நம்பக் கூடாது. அந்தப் பத்தி வழக்கமாகப் பதினாறடிமான எண்களில் (0 முதல் 9 வரையும் அதற்குமேல் A முதல் F வரையும் கொண்டவை) இருக்கும் என்பதை மறக்காதீர்கள். சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 ஆகிய வரிசைகளில் மிகப் பெரிய எண்கள் தெரிவது அந்த நிறுவனத்தின் குறிக்கும் முறை, அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தகவல் போய்வரும்போது நேரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். சாட்டா கேபிளை மாற்றிய பின் அந்த எண் நின்றுவிட்டால் டிஸ்க்கை மாற்றாமலே பிழைத்துக்கொள்ளலாம். எனவேதான் டிஸ்க் போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் சி7-ஐப் பார்க்கச் சொல்கிறேன்.

ஆனால் இந்த அளவீடுகள் எல்லாம் நன்றாக இருப்பது நல்ல உடல்நிலைக்கான சான்றிதழ் அல்ல. 2007-ல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தில் இயங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் 36 சதவீதத்துக்கும் மேலானவை வெப்பநிலை நீங்கலாக எந்த ஸ்மார்ட் அறிகுறியையும் காட்டாமலே போயின. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். எச்சரிக்கை வரவில்லை என்பதை நம்பாதீர்கள்.

உங்கள் டிஸ்க் ஏன் கெட்டது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புதியதும் அதே இடத்தில் அதே கதிக்கு ஆளாகும். அது பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறது என்பது முதல் காரணம். அடுத்தது தறி. நாடா தறிகள் ஓடும் தரையின் அதிர்வு அடுத்த அறையின் மேசை வரைக்கும் வரும். மிக நெருக்கமாக வரையப்பட்ட தடங்களைப் பின்தொடரும் முனை அதிர்வால் விலகும்போதெல்லாம் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. கணினிப் பெட்டியைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டிய தனி மேசையில் தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வையுங்கள். பஞ்சுத் தூசி டிஸ்க்கினுள் போகாது, அதன் மூச்சுத் துளைக்கு வடிகட்டி உண்டு. ஆனால் மின்விசிறிகளையும் ஹீட் சிங்க்கையும் அது கம்பளம்போல் மூடிவிடுவதால் பெட்டிக்குள் சூடு ஏறுகிறது. பல்லடம், சோமனூர், குமாரபாளையம் என்று எங்கே தறி ஓடுகிறதோ அங்கெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பஞ்சாலை நகரங்களுக்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். மூன்றாவது, மின்சாரம். ஒரே இணைப்பில் மோட்டார்கள் நின்று ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. பேட்டரி செத்துப்போன யு.பி.எஸ். வெறும் பிளக் பலகையாகவே இருக்கிறது. பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டால் யு.பி.எஸ். வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால், அதைத் தாங்கும் மின்தேக்கிகள் இல்லாத சாதாரண எஸ்.எஸ்.டி. முழுவதுமே செயலிழக்கக்கூடும்.

இப்போது எஸ்.எஸ்.டி.க்கு வருகிறேன். உங்கள் உறவினர் சொன்னது சரியான யோசனை, அதன் நேரம் இப்போதுதான் வந்திருக்கிறது. 7200 சுழற்சி டிஸ்க் ஒன்று எந்தத் தகவலையும் எடுக்க, தட்டு சராசரியாக அரைச் சுற்று சுழல 4 மில்லிவிநாடிக்குச் சற்று கூடுதலாகவும், முனை உரிய தடத்துக்கு நகர ஏறத்தாழ 8 அல்லது 9 மில்லிவிநாடியும் ஆகின்றன. ஆக ஒரு விநாடிக்கு 80 முறை அளவுக்குத்தான் அது அங்குமிங்கும் ஓடிப் படிக்க முடியும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லாததால் அதே வேலை ஒரு மில்லிவிநாடியின் சிறு பகுதியில் முடிகிறது. விண்டோஸ் தொடங்குவதும் டாலி திறப்பதும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கும் வேலைகள் என்பதால், பழைய கணினியில் ப்ராஸஸரை மாற்றினாலும் கிடைக்காத வேகம் இதில் கிடைக்கிறது. 2012-ல் நம் பகுதியில் மிகுதியாக விற்ற எச்61 மதர்போர்டுகளின் சிப்செட்டில் விநாடிக்கு 3 கிகாபிட் வேகமுள்ள சாட்டா இணைப்புகளே உண்டு. ஆகவே எஸ்.எஸ்.டி.யின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 500 எம்பிக்கு மேற்பட்ட வேகம் வராது, 270 எம்பி அளவில் நின்றுவிடும். இதைக் காரணம் காட்டி எஸ்.எஸ்.டி. வீண் என்று சொல்பவர்கள் உண்டு; பெரிய வீடியோக் கோப்புகளைப் படியெடுக்கும்போது மட்டுமே அந்த வேறுபாடு தெரியும்.

வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.தான். சூயிங்கம் பட்டைபோல் மெலிந்த என்.வி.எம்.இ. வகையை, விலை சற்றுத்தானே கூடுதல் என்று வாங்கிவிடாதீர்கள். அதை அட்டையில் செருகி மாட்டினாலும் அக்காலத்து பயாஸ் அதிலிருந்து விண்டோஸைத் தொடங்காது. அலுவலகக் கணக்குக்கு 240 ஜிபி போதும், படங்களும் துணி டிசைன்களும் சேர்த்து வைத்தால் 480 அல்லது 500 ஜிபி. எழுதி எழுதித் தேய்ந்துவிடுமே என்ற பயம் தேவையில்லை. சாதாரண 240 ஜிபி வகைகளுக்கே பெரும்பாலும் 80 டிபி (80,000 ஜிபி) வரை எழுதலாம் என்று உற்பத்தியாளர்கள் உத்தரவாதம் தருகிறார்கள். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அது 4000 நாள், அதாவது ஏறத்தாழ 11 ஆண்டு. கோவை காந்திபுரத்தில் வாங்கினாலும் ஈரோட்டில் வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில்லும் தொடர் எண்ணும் இருக்க வேண்டும். நம்ப முடியாத விலைக்கு 2 டிபி என்று இணையத்தில் விற்பவை உள்ளே சிறிய நினைவக அட்டையை வைத்துப் பொய்யான கொள்ளளவைக் காட்டுபவையாக இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற நிரலால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள்.

மாட்டும்போது ஒன்றைக் கவனமாகச் செய்ய வேண்டும். பயாஸில் சாட்டா இணைப்பு ஐ.டி.இ. என்ற பழைய முறையில் இருந்தால், விண்டோஸை நிறுவுவதற்கு முன்பே அதை ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய முறைக்கு மாற்றிவிடுங்கள். நிறுவிய பிறகு மாற்றினால் நீலத் திரை வந்து 7பி என்று முடியும் பிழை எண்ணுடன் நின்றுவிடும். இதில் பலரைக் குழப்பும் ஒரு சங்கதி உண்டு. உங்கள் மதர்போர்டிலுள்ள சி.ஆர்.2032 பேட்டரியும் பதின்மூன்று வயதானதுதான். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பயாஸ் பழைய ஐ.டி.இ. முறைக்குத் தானே திரும்பிவிடும், மறுநாள் காலையில் புது எஸ்.எஸ்.டி. கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவீர்கள். எஸ்.எஸ்.டி. மாட்டும் அன்றே அந்தச் சிறு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

பழைய டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்யலாமா, அதாவது விண்டோஸோடு முழுதாகப் புதியதற்கு நகலெடுக்கலாமா என்றால், உங்கள் டிஸ்க்கை வேண்டாம் என்பேன். படிக்க முடியாமல் போன இடங்கள் எந்தக் கோப்பில் இருந்தன என்று தெரியாது, சிதைந்த விண்டோஸைப் புதிய டிஸ்க்குக்குக் குடியேற்றுவதால் பயனில்லை. புதிதாக நிறுவி, தகவலை மட்டும் கொண்டுவாருங்கள். டாலியை நிறுவியதும் உரிமத்தை மீண்டும் செயல்படுத்த வேண்டியிருக்கும். அதற்கான குறியீடு பதிவு செய்த மின்னஞ்சலுக்கே வரும் என்பதால், அந்த முகவரி பழைய கணக்குப்பிள்ளையுடையதாக இருந்தால் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த விண்டோஸ் என்ற கேள்விக்கு இனிய பதில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் ப்ராஸஸரும் உங்கள் கணினியில் இல்லை. தடையைச் சுற்றிச் சென்று நிறுவும் வழிகள் இருந்தாலும், வங்கியும் ஜி.எஸ்.டி. தாக்கலும் நடக்கும் கணினியில் அதை நான் செய்வதில்லை. என் யோசனை இது: எஸ்.எஸ்.டி.யை இப்போதே வாங்கி இந்தக் கணினியை மீண்டும் ஓடவிடுங்கள், டி.டி.ஆர்.3 ரேம் 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்குங்கள். வங்கி வேலையை வேறு கருவியில் வைத்துக்கொண்டு, கையில் வசதி வரும்போது எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராஸஸர் உள்ள பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கி, இதே எஸ்.எஸ்.டி.யை அதில் மாட்டி விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவுங்கள். இணையமும் கடிதமும் மட்டும் போதும் என்றால் லினக்ஸ் மின்ட் இந்த எச்61-லேயே நன்றாக ஓடும்.

மகளின் மடிக்கணினிக்கு வருகிறேன். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அப்போதிருந்து எல்காட் என்ற அரசு நிறுவனத்தின் வழியாகப் பல நிறுவனங்களின் மாதிரிகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. என் மேசைக்கு வந்த பழையவற்றில் இருப்பது 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான், ஆகவே எஸ்.எஸ்.டி. நேரடியாகப் பொருந்தும். பழைய டிஸ்க்கின் தடிமன் 9.5 மில்லிமீட்டர், எஸ்.எஸ்.டி.யின் தடிமன் 7 என்றால் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும். கழற்றும் முன் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். அதன் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், அதாவது நான் சொன்ன மூன்று வரிசைகளும் பூஜ்யமாக இருந்தால், க்ளோன்ஸில்லா கொண்டு அப்படியே க்ளோன் செய்யலாம். புதியது சிறியதாக இருந்தால் பழையதன் கடைசிப் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) முதலில் சுருக்க வேண்டும், க்ளோன் செய்த பிறகு முதல்முறை தொடங்கும்போது பழைய டிஸ்க் இணைப்பில் இருக்கக் கூடாது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்திருக்கும். அதைப் பயன்படுத்தாதவர்கள் புதிதாக ஒன்றை மட்டும் நிறுவுவதே எளிது. ரேம் 2 ஜிபி மட்டுமே உள்ள மாதிரியில் எஸ்.எஸ்.டி. மட்டும் போட்டால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

பேக்கப் இனி எப்படி இருக்க வேண்டும்? எஸ்.எஸ்.டி. கெடும்போது 'டிக், டிக்' என்று முன்னறிவிப்புத் தராது, ஒரு நாள் காணாமல் போகும். நீக்கிய கோப்பின் இடத்தை ட்ரிம் என்ற வசதி உடனே காலி செய்துவிடுவதால், ஹார்ட் டிஸ்க்கில் சாத்தியமான மீட்பு இதில் பெரும்பாலும் சாத்தியமில்லை. இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி வாரம் மாற்றி வாரம் படியெடுங்கள். படியெடுத்ததும் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் எப்போதும் மாட்டியிருக்கும் டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடும். அவற்றில் ஒன்று பள்ளிபாளையத்துக்கு வெளியே இருக்கட்டும். மேட்டூரிலிருந்து உபரிநீர் அதிகமாகத் திறக்கும் ஆண்டுகளில் காவிரிக் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கணினியும் பேக்கப்பும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். அன்றாட டாலி பேக்கப் சிறியதுதான், கூகுள் டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் அதையும் வைக்கலாம். ஆண்டுக்கணக்கில் பீரோவில் வைக்க எஸ்.எஸ்.டி.யைப் பயன்படுத்தாதீர்கள். தேய்ந்த எஸ்.எஸ்.டி. மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓர் ஆண்டு தகவலைத் தக்கவைக்க வேண்டும் என்பதே அதற்கான தொழில்துறை அளவுகோல். நம் சித்திரை வெயிலில் அறை அதைவிடச் சூடாகத்தான் இருக்கும்.

பழைய டிஸ்க்கை உடனே எடைக்குப் போட வேண்டாம். விடுபட்ட கோப்பு ஒன்று நினைவுக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம், அதுவரை அதைத் துணியில் சுற்றி வையுங்கள். அதன் பிறகும் அதில் உங்கள் பான் அட்டை, ஆதார் நகல், வங்கி விவரங்கள், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் இருக்கின்றன; சாகும் டிஸ்க்கை மென்பொருளால் முழுவதும் அழிக்கவும் முடியாது. மூடிக்கு மேலாகவே தட்டுகள் வழியாக நான்கைந்து இடத்தில் டிரில்லால் துளையிட்டு, பிறகு மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். மடிக்கணினி டிஸ்க்காக இருந்தால் உள்ளே கண்ணாடித் தட்டு இருக்கக்கூடும், அது சில்லுச் சில்லாகத் தெறிக்கும். எனவே தடித்த துணியால் மூடி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு துளையிடுங்கள்.